மூழ்கும் புத்தகங்கள்

லா ரோஷ் என்ற கடலோர ஊரில் எது நன்றாக இருந்தாலும் அது மூழ்கும். மிதந்தால் ஆகாது. ஜாதிக்காய்க் கொட்டடியில் பிறந்த பேச்சு அது. காயவைத்து ஓடு உடைத்த காய்களைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். கனத்த காய் நேராக அடியில் போய் உட்காரும். பூச்சி அரித்ததும், சுருங்கியதும், உள்ளே காற்றடைத்ததும் மேலே மிதக்கும். மிதந்ததை வலைக் கரண்டியால் வழித்து எண்ணெய்க்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மூழ்கியதைத்தான் சாக்கில் கட்டிக் கப்பலுக்கு அனுப்புவது. தொட்டியருகே நின்ற பெண்கள் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பாதிரியாரின் பிரசங்கம் ஒரு ஞாயிறு மூழ்கும், மறு ஞாயிறு மிதக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதிக்கவைத்த சீமைப்பலா மூழ்கும். மருமகனாக வருகிறவன் மிதக்கிறவன் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அந்தக் கல்யாணம் நடப்பது கஷ்டம்.

இஸ்மே கல்லிஸ்ட் முப்பத்தோரு வருஷமாக அந்தத் தொட்டியருகே நிற்கிறவள். அதிகம் பேசாதவள். கொட்டடியில் வேலை முடிந்ததும் மற்றப் பெண்கள் படிக்கட்டில் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்து உதறிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். அவள் கைகளைக் கழுவிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவாள்.

நூலகம் கடற்கரைச் சாலையில், பழைய சுங்கக் கட்டிடத்தின் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் அலமாரிகள். பின்னறையில் ஒரு நீள மேசையும் பெஞ்சுகளும், புதன்கிழமை மூன்று மணிக் கூட்டத்துக்காக. மிஸ் வெர்னா மொடெஸ்ட் இருபத்தாறு வருஷம் அதை நடத்தினாள். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் காகிதப் பை ஒட்டி அதில் ஒரு சீட்டு வைத்தவள் அவள்தான். படித்துவிட்டு என்ன நினைத்தீர்கள் என்று எழுதச் சொன்னாள். கொட்டடிப் பெண்களுக்கு நீளமாக எழுதக் கூச்சம். ஒரு சொல் போதும், கீழே பேரை எழுதுங்கள் என்றாள். அவர்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லைத்தான் எழுதினார்கள். அடுத்து வருகிறவள் முன்னட்டையைப் பார்ப்பதில்லை. நேராகப் பின்னட்டைக்குப் போய், யார் யாருக்கு மூழ்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் எடுப்பாள்.

பிப்ரவரியில் இஸ்மேயின் புருஷன் காஸ்மஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சு போனது. அவன் கரைவலைக்காரன். படகு கரை தொட்டதும் சங்கு ஊதி மீன் வந்திருப்பதை ஊருக்குச் சொல்கிறவன். சங்கை வைத்துவிட்டு அவன் பேச ஆரம்பித்தால் அது மாதா கோயில்வரை கேட்கும். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்பான், வாங்குகிறவளும் அது தெரிந்தே சிரித்துக்கொண்டு வாங்கிப் போவாள். முப்பத்து நாலு வருஷக் கல்யாணத்தில் வீட்டுப் பேச்சு முழுவதும் அவன் பேசியதுதான். இஸ்மே அதன் நிழலில் அமைதியாக இருந்து பழகிவிட்டாள்.

இப்போது அவனிடம் மிச்சமிருந்தவை மூன்று சொற்கள். ஒன்று ‘இல்ல.’ இன்னொன்று ‘மழை.’ மூன்றாவது ஒரு கெட்ட வார்த்தை. அது மட்டும் தடங்கலே இல்லாமல் வந்தது. பாதிரியார் பார்க்க வந்தபோதும் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைச் சும்மா விடாதீர்கள், பேசிக்கொண்டே இருங்கள் என்றார்கள். என்ன பேசுவது என்று இஸ்மேக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஜன்னலருகே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூப் ஆறிப்போகும். இன்றைக்குத் தொட்டியில் நிறைய மிதந்தது என்பாள். அதற்குமேல் அவளிடம் ஒன்றுமிருக்காது.

மிஸ் வெர்னாவிடம் சொன்னபோது, அவருக்கு என்ன புத்தகம் பிடிக்கும் என்று அவள் கேட்கவில்லை. காஸ்மஸ் வாழ்நாளில் புத்தகம் தொட்டவனல்ல என்று அவளுக்குத் தெரியும். அவள் கேட்டது வேறு.

“அவனுக்கு எதுல கோவம் வரும், இஸ்மே?”

இஸ்மே யோசித்துப் பார்த்தாள். “கடல் தெரியாதவன் கடலப் பத்திப் பேசினா.”

மிஸ் வெர்னா எழுந்து போய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்தாள். நடுக்கடல் பாறையில் கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்ளும் ஒருவனும் அவன் பெண்சாதியும் ஓயாமல் சண்டை போடும் கதை. மாதம் ஒருமுறை அரசாங்கப் படகு வரும். சண்டையெல்லாம் சரியாக எழுதியிருக்கிறார், ஆனால் எழுதினவருக்குக் கடல் சுத்தமாகத் தெரியாது, கயிறு கட்டுவதிலிருந்து காற்று திரும்புவதுவரை எல்லாம் தப்பு என்றாள். “கொண்டு போ. கோவம் வரட்டும்.”

கோபம் வந்தது. விளக்குக்காரன் நண்டைத் தூண்டில் போட்டுப் பிடிக்கும் இடத்தில் காஸ்மஸ் இடது கையால் நாற்காலியை அடித்தான். காற்று வடக்கே வீசும்போது பாய் தெற்கே விரிந்த இடத்தில் கெட்ட வார்த்தை வந்தது. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. மறுநாள் சாயங்காலம் சூப் குடித்ததும் புத்தகம் இருந்த பக்கம் பார்த்தான்.

இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் அது நடந்தது. பெண்சாதி படகை இழுத்துக் கட்டச் சொல்லும் வரியில் இஸ்மே மூச்சு வாங்க நின்றாள். “அதுக்கு முதல்ல எடுத்துக்கிட்டு வா அந்தக்...” என்று நின்ற இடத்தில், “கயிறு” என்றான் காஸ்மஸ்.

அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்தாள். எழுந்து அடுக்களைக்குப் போய், ஏற்கெனவே புரட்டிப்போட்டிருந்த மீனை இன்னொரு தடவை புரட்டினாள். பிறகு வந்து அடுத்த வரியைப் படித்தாள்.

அதற்குப் பிறகு வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் வேண்டுமென்றே நிறுத்தினாள். ஆகஸ்ட் கடைசிக்குள், நாலாவது தடவை முடியும்போது, நாற்பது ஐம்பது வரிகளின் கடைசிச் சொல் அவனுடையதாக இருந்தது. எல்லாம் புத்தகத்தின் சொற்கள். அவள் வரியைத் தூக்கிக் கொடுத்தால் நுனியில் பிடித்துக்கொள்வான். தானாக ஒன்றைத் தொடங்க முடியவில்லை. பசிக்கிறதா என்று கேட்டால் வாயைத் திறப்பான், ஒன்றும் வராது. கண்ணில் தண்ணீர் நிற்கும். அவனுடைய சொந்தப் பேச்சு எங்கோ அடியில் கிடக்கிறது, இந்தப் புத்தகக் கயிறு அறுந்துவிடாமல் இருந்தால் ஒருநாள் மேலே வரும் என்று இஸ்மே நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று முறை நீட்டித்த புத்தகம் ஒரு வாரமாவது அலமாரிக்குத் திரும்ப வேண்டும். மற்றவர்களுக்கும் முறை வரவேண்டும் என்பதற்காக மிஸ் வெர்னா வைத்த விதி. கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பாள். ஆனால் அவள் ஜூலையிலேயே ஓய்வுபெற்று புரூக்ளினில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளிடம் கேட்காத சலுகையைப் புதிதாக வந்த பெண்ணிடம் கேட்க இஸ்மேக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். சீட்டில் ஏழு பேர் கையெழுத்து இருந்தது. அதன் கீழே அவளும் எழுதினாள்: மூழ்கியது. நன்றி என்று எழுத வேண்டும்போல இருந்தது. அதற்கு இந்த ஊரில் இதைவிடப் பெரிய சொல் இல்லை என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை நூலக முற்றத்தில் விழா. பிள்ளைகளுக்கு வாசிப்புப் போட்டி, கொக்கோத் தேநீர், பொரித்த ரொட்டி, தகர மேளம். பழைய புத்தகங்களை ஒரு மேசையில் பரப்பி, வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம் என்றும் அறிவித்திருந்தார்கள். இஸ்மே போகவில்லை. சனிக்கிழமைதான் காஸ்மஸைத் தலைக்குக் குளிப்பாட்டும் நாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டடியிலிருந்து டான்ட்டி ரோஸ்லினோடு நூலகத்துக்குப் போனாள். ரோஸ்லினுக்கு எழுபது வயது. ஊருக்கே டான்ட்டி, அதாவது அத்தை. விளக்குக்காரன் இருந்த இடத்தில் ஒரு தடித்த கோழி வளர்ப்புப் புத்தகம் இருந்தது. இஸ்மே மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் பார்த்தாள். தெரிந்த புத்தகங்கள் பல இல்லை. இருந்த புத்தகங்களின் பின்னட்டைகளைத் திறந்து பார்த்தாள். எல்லாமே அவர்கள் மிதந்தது என்று எழுதியவை.

புது நூலகர் மிஸ் பாஸ்கல் தலைநகரில் படித்துவிட்டு வந்தவள். முப்பதைத் தாண்டாதவள், மரியாதையானவள். மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு அட்டை எழுதிக்கொண்டிருந்தாள்.

“மிஸ் பாஸ்கல், அந்த விளக்குக்காரன் புத்தகத்தக் காணோமே.”

“அதுவா? அதக் கழிச்சாச்சு, மிஸ் இஸ்மே. புதுப் புத்தகத்துக்கு இடம் வேணும்னு மேல சொன்னாங்க. எதக் கழிக்கிறதுன்னு மிஸ் வெர்னாவப் போன்ல கேட்டேன். சீட்டப் பாரு, சீட்டு பொய் சொல்லாதுன்னாங்க.” அவள் கொஞ்சம் பெருமையோடு சிரித்தாள். “ராத்திரி பகலா ஒவ்வொரு சீட்டாப் படிச்சேன். அதுல எட்டுப் பேரு மூழ்கிப்போச்சுன்னு எழுதியிருந்தீங்க. எட்டுப் பேரையும் முழுகடிச்ச புத்தகத்த எதுக்கு வெச்சுக்கணும்?”

ரோஸ்லின் பெஞ்சில் உட்கார்ந்து, தொடையில் கையை ஊன்றிக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி குலுங்கினாள். பிறகு ஏப்ரன் பையிலிருந்து இரண்டு ஜாதிக்காயை எடுத்தாள். கேட்காமலே அந்தப் பெண்ணின் தம்ளரில் போட்டாள். ஒன்று அடியில் போய் டக்கென்று உட்கார்ந்தது. மற்றது மேலே நின்று ஆடியது.

“இப்பச் சொல்லு புள்ள. இதுல எத நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போவே?”

மிஸ் பாஸ்கல் தம்ளரையே பார்த்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள். மறுபடி தம்ளரை.

“நாப்பத்தொரு புத்தகம்,” என்றாள் மெதுவாக.

“நாப்பத்தொண்ணும் நல்ல காய். எண்ணெய்க்குப் போறத எல்லாம் அடுக்கி வெச்சிருக்கே.”

இஸ்மே படியிறங்கினாள். அவள் போன பிறகு ரோஸ்லின் மிஸ் பாஸ்கலிடம் காஸ்மஸின் கதையைச் சொல்லியிருக்கிறாள். மலைமேலிருந்த வீட்டுக்கு ஏறும்போது இஸ்மேயை மழை பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அவள் யோசித்ததெல்லாம் அந்தப் பெண் ராத்திரி பகலாகச் சீட்டுப் படித்ததைத்தான். முப்பத்தோரு வருஷம் தொட்டியருகே நின்ற ஒருத்தி பென்சிலால் எழுதிய ஒரு சொல்லுக்கு இத்தனை மரியாதை கொடுத்தவர்கள் வேறு யாரும் இல்லை. அந்த மரியாதைதான் இப்படிக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

விழாவில் எடுத்துப்போன புத்தகங்களைத் திருப்பித் தரச் சொல்லி ஞாயிறு கோயிலில் அறிவித்தார்கள். பஸ்காரர்களிடம் சொல்லி அனுப்பினார்கள். இருபத்தேழு புத்தகம் திரும்பி வந்தது. விளக்குக்காரன் வரவில்லை. நீலத் தொப்பி போட்ட யாரோ ஒரு வெளியூர்க்காரி எடுத்ததாக ஒருவர் சொன்னார், தொப்பி பச்சை என்றார் இன்னொருவர்.

வீட்டில் இஸ்மே வேறொரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். காஸ்மஸ் இரண்டு பக்கம் பொறுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பழைய கதையை வாயாலேயே சொல்லிப் பார்த்தாள். அவளுக்குக் கதை சொல்ல வராது. பாதியில் வழி தவறி நின்றாள். கயிறு வரியைச் சொல்லி, மூச்சை நிறுத்திக் காத்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான். அவன் நாக்கு மேலே தொட்டு இறங்குவது தெரிந்தது. சொல் வரவில்லை. திங்கட்கிழமை முழுவதும் அந்த வீட்டில் கேட்டது ஓட்டுமேல் விழுந்த மழை மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மிஸ் பாஸ்கல் சேற்றில் வழுக்கிக்கொண்டு மலையேறி வந்தாள். செருப்பு கையில் இருந்தது. இஸ்மே துடைக்கத் துணி கொடுத்து, கீரைச் சூப்பும் அவித்த மாவுருண்டையும் வைத்தாள். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள், பிறகு பசிக்காரியாக முழுக்கச் சாப்பிட்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று இஸ்மே பயந்துகொண்டிருந்தாள். அவள் கேட்கவில்லை. காஸ்மஸின் பக்கம் திரும்பி நேராக அவனிடமே பேசினாள்.

“மிஸ்டர் கல்லிஸ்ட், கழிக்கிறதுக்கு முன்னால சீட்டுல இருந்த பேரையெல்லாம் நோட்டுல எழுதி வெச்சேன். உங்க புத்தகத்துக்கு எட்டுப் பேரு. புத்தகம் போயிருச்சு, எட்டுப் பேரும் ஊர்லதான் இருக்காங்க. நாளைக்கு மூணு மணிக் கூட்டத்துல ஆளுக்கு ஞாபகம் இருக்கறதச் சொல்லச் சொல்லியிருக்கேன். நான் எழுதிக்கப் போறேன். நீங்க வரணும்.”

அவன் பிப்ரவரிக்குப் பிறகு வாசல் தாண்டியதில்லை. கோயில்வரை கேட்ட குரல் இப்படி ஆகிவிட்டதை ஊர் பார்க்கக் கூடாது என்று இருந்தான். இஸ்மேக்கும் அதே எண்ணம்தான், அதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள்.

“போலாமா, காஸ்மஸ்?”

“இல்ல,” என்றான்.

மிஸ் பாஸ்கல் தலை குனிந்தாள். ஆனால் அவனுடைய இல்ல என்பது இல்லைக்கும் ஆமாமுக்கும் பொதுவானது. இஸ்மே அவன் காலைப் பார்த்தாள். இடது கால் கட்டிலடியில் கிடந்த செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை பழைய வலைக் கூட்டாளிகள் இரண்டு பேர் அவனை நாற்காலியோடு நூலகத்துக்கு மாடியேற்றினார்கள். கனக்கிறான், நல்ல காய்தான் என்று அவர்களில் ஒருவன் சொன்னதற்குக் கெட்ட வார்த்தை வந்தது. படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. பின்னறையில் பெண்கள் ஈரத் தலைத்துணியோடும் ஜாதிக்காய் வாசனையோடும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ தட்டு நிறையப் பொரித்த மீன் கொண்டுவந்திருந்தார்கள். இஸ்மேக்கு அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இவர்கள் எல்லோரும் ஒரு நாள் கூலிவேலையை அரை மணி முன்பாகவே முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை.

ரோஸ்லின் ஆரம்பித்தாள். அவள் கதையில் விளக்குக்காரன் குடிகாரனாக இருந்தான். தொட்டியில் இஸ்மேக்குப் பக்கத்தில் நிற்கும் மெர்ல், அவன் குடிக்கவே மாட்டான், குடிப்பது அவன் பெண்சாதிதான் என்றாள். உன் புருஷன ஞாபகத்துல வெச்சுக்கிட்டுப் பேசாதே என்றாள் ரோஸ்லின். ஒருத்தி புயல் முதலில் வந்தது என்றாள், இன்னொருத்தி படகு முதலில் என்றாள். மிஸ் பாஸ்கல் பென்சிலை ஓடவிட்டாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சண்டையைத்தான் அந்தப் பாறையில் கண்டிருக்கிறாள் என்று இஸ்மேக்குப் பட்டது. காஸ்மஸ் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்றைப் பற்றி மெர்ல் ஏதோ உளறியபோது இடது கை நாற்காலியில் விழுந்தது.

“சரி, அந்த ஆடு கடைசியில என்ன ஆச்சு?” என்றாள் மிஸ் பாஸ்கல். விளக்குக்காரியிடம் ஒரு ஆடு இருந்தது, கணக்கு நோட்டையெல்லாம் தின்றுவிடும் என்று எல்லோருமே சொல்லியிருந்தார்கள்.

“செத்துப்போச்சு,” என்றாள் ரோஸ்லின். “பாறையிலேந்து விழுந்து.”

“விழல. கிறிஸ்துமஸுக்கு அறுத்துட்டாங்க.”

“அறுத்தாங்களா? அவ அந்த ஆட்ட மகளாட்டம் வெச்சிருந்தாளே. படகுல ஏத்தி அனுப்பிட்டா.”

நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்து, நனைந்த மரம்போலக் கனமாக.

“வித்துட்டா.”

அறையில் பேச்சு நின்றது. யாரும் அவனுக்கு வரி எடுத்துக் கொடுத்திருக்கவில்லை.

மிஸ் பாஸ்கல் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். “யாருக்கு வித்தா, மிஸ்டர் கல்லிஸ்ட்?”

காஸ்மஸின் வாய் திறந்து நின்றது. நெற்றி நரம்பு புடைத்தது. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அதன் சத்தம் வளைவு தாண்டி அடங்கும்வரை அவன் தேடினான்.

“பா... பாதிரிக்கு.”

சிரிப்பில் பெஞ்சு ஆடியது. ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெர்ல் மேசையைத் தட்டினாள். “ஆமாமா, இப்ப ஞாபகம் வருது. பாதிரிதான். அந்தப் பக்கத்த நான் ரெண்டு தடவ படிச்சேன்.”

இஸ்மே சிரிக்கவில்லை. நாலு தடவை சத்தம் போட்டுப் படித்தவள் அவள். அந்தப் புத்தகத்தில் பாதிரியே கிடையாது. ஆடு பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு வருவதே இல்லை. எழுதினவர் அதை மறந்துபோய்விட்டார். எங்கேயாவது விட்டுவிட்டோமோ என்று அவள் தேடிக்கூடப் பார்த்திருக்கிறாள். அவன் சொன்னது ஒரு பக்கத்திலும் இல்லாதது. யாருடைய வரியின் நுனியும் இல்லை.

“மிஸ் இஸ்மே, நீங்கதான் அதிகம் படிச்சவங்க,” என்றாள் மிஸ் பாஸ்கல். “இப்படித்தானா? எழுதிக்கட்டுமா?”

இஸ்மே காஸ்மஸைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காட்டிக்கொடுத்துவிடாதே என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. வாயின் கோணாத பக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. அந்தப் புத்தகம் இந்த நேரம் இந்த மேசைமேல் இல்லாமல் போனதற்காக, அதை எடுத்துப் போன பேர் தெரியாத பெண்ணுக்கு, அவள் தொப்பி நீலமோ பச்சையோ, இஸ்மே மனதுக்குள் நன்றி சொன்னாள். எதிரே பென்சிலோடு காத்திருந்தவளுக்கும்தான்.

“அப்படித்தான்,” என்றாள். “எழுதிக்கங்க.”

காஸ்மஸ் இடது கையைத் தூக்கினான். இன்னும் இருக்கிறது, பொறுங்கள் என்பதுபோல. உதடுகள் ஒரு சொல்லின் வடிவத்துக்கு வந்து, கலைந்து, மறுபடி வந்தன. தட்டில் மீன் ஆறிக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு நூறு பேச்சுப் பேசும் பெண்கள் ஏழு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் அவனுக்குச் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை.